கசந்த ஆடுதின்னாப்பாளை

ஆடு தொடாது என்பதால்தான் அதற்கு ஆடுதின்னாப்பாளை என்று பெயர். கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் கரிசல் காட்டில், பருத்திக்கு ஊடே தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். இலை சாம்பல் பூத்த பச்சை. நீளத்தைவிட அகலம் அதிகம். காம்பு சேருமிடத்தில் குழிந்து, ஓரம் நெளிந்திருக்கும். கசக்கி மோந்தால் குமட்டும். பூவைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது. அடியில் பச்சைக் குமிழ், அதிலிருந்து வளைந்த குழல், குழலின் வாயில் நாக்குப் போல நீண்ட ஒற்றை இதழ். உறைந்த ரத்தத்தின் நிறம். காய் முற்றி வெடித்தால் தலைகீழ்க் குடை போலத் தொங்கும். உழுதாலும் சாகாது. மண்ணுக்குள் வேர் கிடந்து, மழை விழுந்ததும் அதே இடத்தில் வரும்.

அறுபதுகளின் தொடக்கம். பங்குனி வெயிலில் நானும் மதினியும் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம். உதிர்ந்த சுளையைப் பொறுக்கக் கை நீட்டிய மதினி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரலில் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளி. தரை வெடிப்புக்குள் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் ஓடி வந்தான். கடித்தது என்னவென்று தெரியாவிட்டால் எங்கள் பக்கத்தில் சிறியாநங்கை இலையை மெல்லச் சொல்வார்கள். கசந்தால் விஷம் இல்லை. கசப்புத் தெரியாவிட்டால் விஷம் ஏறிவிட்டது. சிறியாநங்கை அங்கே இல்லை. இதுவும் கசப்புதானே என்று அண்ணன் காலடியில் கிடந்த ஆடுதின்னாப்பாளையைப் பிடுங்கினான்.

“வண்டியப் பூட்டுண்ணே, டவுன் ஆசுபத்திரிக்குப் போவோம்.”

“ஏட்டி, சும்மா கெட. மொதல்ல அவ மெல்லட்டும்.”

மதினி மென்றாள். முகம் கோணியது.

“ஒங்க அண்ணன் பேச்சு மாதிரியே கசக்குது,” என்று துப்பினாள். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முள்ளுதான் என்றான். வண்டி பூட்டவில்லை.

விடியும்போது அவள் ஈறெல்லாம் ரத்தம். கை தோள்வரை வீங்கியிருந்தது. டவுன் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, சுருட்டை விரியன் என்றார்.

“நேத்தே ஏன் கூட்டிட்டு வரல?”

“கசந்துச்சுங்க,” என்றான் அண்ணன்.

டாக்டருக்குப் புரியவில்லை. மதினி அன்று சாயங்காலம் செத்துப்போனாள்.

கசக்காமல் என்ன செய்யும்? விஷம் ஏறியவளுக்கும் கசக்கும், ஏறாதவளுக்கும் கசக்கும். இதை ஒரு சோதனை என்று நம்பிக்கொண்டிருந்தது ஒரு ஊரே. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடத்தில் செடி துளிர்த்தது. களை எடுக்கும்போது அந்த நாற்றம் பட்டால், முதுகுக்குப் பின்னால் மதினி துப்பும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்ப்பேன். ஒரு நாள் திரும்பியபோது அண்ணன் அங்கே குத்தவைத்திருந்தான். வாயோரம் பச்சைச் சாறு வழிந்தது.

“எதுக்குண்ணே இதத் திங்க?”

“கசக்குதுட்டி. எனக்கும் கசக்குது.”

“கசக்கத்தாம் செய்யும். நாந்தான் வண்டியப் பூட்டச் சொன்னேம்லா.”

அவன் இன்னொரு இலையைப் பறித்து வாயில் போட்டான்.