உம்மா விற்ற வீடு

எங்கள் வீட்டை வாங்க வந்தவர்கள் அழுதுகொண்டேதான் உள்ளே வந்தார்கள். வாப்பா மவுத்தாகி இருபது நாள்கூட ஆகவில்லை. உம்மா இத்தாவில் இருந்தாள். வெள்ளைச் சேலையோடு உள்ளறையில் நாலு மாதம் பத்து நாள், அந்நிய ஆண் எவர் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும். அதனால் துக்கம் விசாரிக்கப் பெண்கள் மட்டும் உள்ளே வரலாம். வந்தார்கள். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார்கள். அழுகை ஓய்ந்ததும் அவர்களில் ஒருத்தி தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து கூடத்துக்குப் போனாள். நெடுநெடுவென்று வளர்ந்தவள், கழுத்து நிறைய நகை. நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். நிலைக்கதவைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் கையை இறக்கவாவது செய்தாளா என்றால் அதுவும் இல்லை. நாலாவது சாணையும் அளந்து முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். மய்யித்து எடுத்த ஈரம் காயாத வீட்டில் இப்படி ஒரு வேலை செய்ய எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும். இது யார் ஏற்பாடு என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் காக்காவைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் வராது. கூடப் பிறந்த மூத்தவர் என்பதால் அவரைப் பற்றி மரியாதையாகவே எழுதுகிறேன். மனசுக்குள் அப்படிச் சொல்வதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். உம்மாவின் வாப்பா கட்டி உம்மாவுக்குக் கொடுத்த வீடு அது. உம்மாவுக்குப் பிறகு ஒரே பெண்ணான எனக்கு, எனக்குப் பிறகு தொட்டிலில் கிடந்த என் மகளுக்கு. காக்கா பத்து வருஷத்துக்கு முன்பே தன் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் எங்களோடு இருந்தார். அவர் வாயில்லாப் பூச்சி, இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. சொந்த வீடு இல்லாமல் மாமியார் வீட்டுக்குப் போய் இருக்கிறவளை எங்கள் ஊரில் என்ன குறையோ என்று பார்ப்பார்கள். முகத்துக்கு நேரே கேட்கவும் செய்வார்கள்.

அதுவும் சாதாரணத் தெருவா. ஜும்மா பள்ளிவாசலை ஒட்டினாற்போல் முதல் தெரு. சம்பந்தம் பேசுகிறவர்கள் பெண்ணின் பெயரைக் கேட்குமுன் தெருவின் பெயரைக் கேட்பார்கள். கடல்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். எந்தக் கோடையிலும் கூடம் குளுகுளுவென்று இருக்கும். பர்மாவிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த தேக்குத் தூண்கள் பன்னிரண்டு. எல்லாவற்றையும்விடக் கிணறு. உப்புத் தண்ணீர் ஊரில் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம். அந்தத் தெருவில் வீடு விலைக்கு வருவதே கிடையாது. வந்தது என்றால் ஊருக்கே மூக்கில் வேர்க்கும்.

சுதந்திரம் வந்து சில வருஷங்களில் கொழும்புக்குப் போய்வர பாஸ்போர்ட், விசா என்று கெடுபிடி வந்துவிட்டது. காக்காவின் கொழும்புக் கடை கைவிட்டுப் போனது அதில்தான். பட்டணத்தில் புதுக்கடை வைக்க அவருக்கு முதல் வேண்டும். தினமும் தொப்பியைப் போட்டுக்கொண்டு உம்மாவைப் பார்க்க வருவார். வாப்பாவுக்காக யாசீன் ஓதுவார். ஓதி முடித்ததும், இத்தா முடிய இன்னும் எத்தனை நாள் என்று என்னைக் கேட்பார். ஆண்களைக் கூட்டிவந்து வீட்டைக் காட்ட அதுவரை வழியில்லை. அதனால்தான் வாங்குகிறவனின் பெண்டாட்டியைத் துக்கத்துக்கு அனுப்பி வைத்தார். இப்படி ஒரு புத்தி எங்கள் ஊர் ஆம்பிளைக்குத்தான் வரும்.

அந்த நெட்டைக்காரி அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளிலும் வந்தாள். மூன்றாவது தடவை தண்ணீர் கேட்டபோது நான் செம்பில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். கிணறு கெட்டுப் போய்விட்டது, இப்போது இதைத்தான் குடிக்கிறோம் என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னேன். ஒரு மிடறு குடித்தாள். கொல்லைக்குப் போய்த் தானே வாளியை இறக்கி இறைத்து, கையில் ஏந்திக் குடித்துவிட்டு வந்தாள்.

"கெணத்துல நல்ல தண்ணிதான் இருக்கு. செம்புலதான் உப்பு" என்றாள்.

அவள் சிரிக்காமல் சொன்னதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அன்று முழுக்க என் பிள்ளை மேல் எரிந்து விழுந்தேன்.

உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரம் உம்மா பெயரில். அவள் கை வைக்காமல் ஒரு கல்லைக்கூட விற்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் நான் இருந்தேன். நான் சொன்னதை உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டாள். சம்மதம் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நான் அதை என் பக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்.

இத்தா முடிந்த அடுத்த வாரம் பத்திரம் பதிகிறவர் வீட்டுக்கே வந்தார். கோஷாப் பெண்களுக்காக அப்படி வருவார்கள். கூடத்தில் திரை கட்டி, அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் உம்மாவும் நானும். வாசித்துக் காட்டிவிட்டுச் சம்மதம்தானா என்று கேட்டார்கள். நான் உம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, திரைக்கு அடியில் கையை நீட்டினாள். அந்தப் பக்கமிருந்து மையைத் தடவிக் கட்டைவிரலை அழுத்தியது காக்காதான். அவர் கையை எனக்குத் தெரியாதா.

எல்லோரும் போனதும் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத மாட்டேன். உம்மா விரலில் இருந்த மையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ கெட்டிக்காரி, எங்கன போட்டாலும் மொளச்சுக்குவ. அவனுக்குக் கடையும் போச்சு, வீடுன்னு ஒண்ணும் கெடையாது. ஆம்பளயாப் பொறந்தது அவன் குத்தமா?"

கெட்டிக்காரி என்று என்னை யார் சொன்னாலும் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தனை யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. வீட்டை விற்றால் உம்மா எங்கே இருப்பாள்? மகனிடம் போகலாம் என்றால் மகன் இருப்பது பெண்டாட்டி வீட்டில். மகனைப் பெற்றவள் சம்பந்தி வீட்டில் போய்ப் பாய் விரிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. விற்றவருக்கும் அது தோன்றவில்லை, கை வைத்தவளுக்கும் தோன்றவில்லை. சாமான்களைக் கட்டும்போதுதான் உம்மாவுக்கு உறைத்திருக்கிறது. நான் மாமியார் வீட்டுக்குக் கிளம்ப வண்டிக்குச் சொல்லியிருந்தேன். உம்மா தன் டிரங்குப் பெட்டியையும் என் பெட்டிகளோடு கொண்டுவந்து வைத்தாள்.

"யாருக்காக வித்தீகளோ அவுக கிட்டப் போங்க. நான் போறதே ஒண்டிக்கிறதுக்கு" என்றேன்.

பெட்டியைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அவளே தூக்கிக்கொண்டு போனாள், நான் கை கொடுக்கவில்லை. வண்டியில் ஏறிய பிறகும் எனக்குக் கோபம்தான் இருந்தது. அழுகையெல்லாம் வரவில்லை.

வாங்கியவர்கள் குடிவந்த அன்று உம்மா கொல்லைப்புற அறையில் தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாளாம். காக்கா பட்டணத்துக்கு ரயிலேறி நாலு நாள் ஆகியிருந்தது. அந்த நெட்டைக்காரி காரணம் எதுவும் கேட்கவில்லை. அந்த அறையையே உம்மாவுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, வேளாவேளைக்குச் சோறு அனுப்பியிருக்கிறாள். இதை என் மாமியார்தான் நாலு பேர் முன்னால் வைத்து எனக்குச் சொன்னாள். ஊர் பூராவும் அந்தப் பெண்ணின் நல்ல மனசைப் பற்றித்தான் பேச்சு. பெற்ற மகள் இருக்கும்போது என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். அவள் மட்டும் உம்மாவைத் தெருவில் விட்டிருந்தால் அவளை நான் இந்த அளவுக்கு வெறுத்திருக்க மாட்டேன்.

மூன்று மாதம் வீம்பாக இருந்தேன். பிறகு என் மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் போனேன். பழக்க தோஷத்தில் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே நுழைந்துவிட்டேன். உம்மா கிணற்றடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுச் சமையலுக்கு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, என் மகளை வாங்கக் கையைக்கூட நீட்டினாள். சட்டென்று கையை மடக்கிக்கொண்டு கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"வீட்டுக்காரவுக கிட்டக் கேட்டுட்டா வந்தே?" என்றாள்.

நான் வந்த வழியே வெளியே போய், தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, கதவைத் தட்டினேன்.