ஹிப்-ஹாப் புத்தகமும் நான் சொன்ன பொய்யும்

"நான்தான் பழக்கினேன்" என்று அன்று ஏன் என்னால் சொல்ல முடியவில்லை?

என் மகளுக்கு நாலு வயது. நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி நூலகத்தில் ஹிப்-ஹாப் பற்றிய படப்புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, அதில் காட்டியபடி மேசையில் தாளம் தட்டி வாசித்துக் காட்டினேன். அதுவரை தமிழில் வாய் திறக்காதவள், அந்தத் தாளத்திலேயே நான் சொல்லிக்கொடுத்த ஒரு தேவாரத்தைப் பாடமாக்கிவிட்டாள்.

நவராத்திரிக்கு வீட்டில் ஆட்கள் கூடியபோது அவளைத் தேவாரம் படிக்கச் சொன்னோம். நிலத்தில் தட்டி, தோளை ஆட்டிப் படித்தாள். கணவரின் அக்கா முகம் சுளித்தார்.

"சாமிக்கு முன்னாலை உதென்ன கூத்து? ஆர் பழக்கினது?"

"கார்டெரியிலை பழகியிருப்பாள், மச்சாள்." பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் குழந்தைக் காப்பகத்தின் தலையில் பழியைப் போட்டேன்.

"இல்லை, அம்மாதான் புத்தகத்திலை காட்டினவ," என்றாள் மகள்.

"பொய் சொல்லக் கூடாது," என்று எல்லோர் முன்னும் அதட்டினேன்.

அவள் அழவில்லை. ஆனால் அதன்பிறகு தேவாரமும் இல்லை, தமிழும் இல்லை. எதைக் கேட்டாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.

மறுநாளே மச்சாளிடம் உண்மையைச் சொன்னேன். "உதுக்கோ போன் எடுத்தனீர்?" என்று சிரித்தார். இப்போது யார் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு என் பிழையை ஒத்துக்கொள்கிறேன். மகளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. தாய் பொய் சொல்வாள் என்று நாலு வயதில் தெரிந்துகொண்ட பிள்ளையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? கேட்டுப் பார்த்த தாய்மார் எழுதுங்கள்.