உப்புத் தண்ணியைத் தடுத்த மச்சாள்

போன வருசம் மாரி தொடங்க முதல், திருகோணமலை உள்துறைமுகப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தனாங்கள். என்ர மச்சாள், கணவரின் தங்கச்சி, அவவும் எங்களோடதான் இருக்கிறா. நாலு பேர் கூடின இடத்தில வாயே திறக்கமாட்டா. கடைக்காரர் மிச்சக்காசைப் பிழையாத் தந்தாலும் பேசாம வந்திடுவா.

வந்த அண்டைக்கே சாமான் இறக்கிக்கொண்டிருக்கேக்க, எங்கட நாய் பிரவுணி பின் அறைக்குள்ள போயிட்டுது. முந்தி இருந்த ஆக்கள் அலுமாரிக்குப் பின்னால விட்டுட்டுப் போன எலி மருந்துப் பெட்டியைக் கடிச்சுக் குதறி, வாயெல்லாம் பச்சையாக வந்து நிண்டுது.

நான் போட்ட சத்தத்தில அக்கம்பக்கம் கூடிட்டுது. "உப்புத் தண்ணி பருக்குங்கோ, சத்தி எடுத்து எல்லாம் வெளியில வந்திடும்" எண்டார் முன்வீட்டு ஐயா. "தேங்காய்ப்பால்தான் நல்லது" எண்டா இன்னொரு அம்மா. "வாலாட்டிக்கொண்டு நிக்குது, இதுக்கு ஒண்டும் செய்யாது" எண்டும் ஒரு கதை. நான் குசினிக்கு ஓடி உப்பைக் கரைச்சுக்கொண்டு வந்தன்.

மச்சாள் என்ர கையைப் பிடிச்சா. மற்றக் கையில கிழிஞ்ச பெட்டி, காதில போன். நாங்கள் கத்திக்கொண்டிருந்த நேரம் அவ மிருக வைத்தியரோட கதைச்சு, பெட்டியில இருந்த மருந்தின்ர பேரை வாசிச்சு முடிச்சிட்டா.

"அண்ணி, ஒண்டும் பருக்க வேண்டாமாம். உப்புக் கூடினால் அதுவே நஞ்சாம். உடனே கொண்டு வரச் சொல்றார்."

ஐயாவுக்குக் கோபம். "நாங்கள் எத்தினை நாய் வளர்த்தனாங்கள் பிள்ளை!"

மச்சாளின்ர குரல் நடுங்கினது. எண்டாலும் விடேல்லை. "நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்றியள் ஐயா. ஆனா இண்டைக்கு டொக்டர் சொல்றதைத்தான் செய்யப்போறம்."

பிரவுணியை மடியில வைச்சுக்கொண்டு ஓட்டோவில ஏறினா. கிழிஞ்ச பெட்டியையும் விடேல்லை.

டொக்டர் ஊசி போட்டுச் சத்தி எடுக்க வைச்சார். பச்சைப் பச்சையா வந்துது. "இந்த மருந்து உடனே ஒண்டும் காட்டாது. சில நாள் போகத்தான் உள்ளுக்க ரத்தம் கசியும். பெட்டியைக் கொண்டுவந்தது பெரிய உதவி, எந்த மாற்று மருந்தெண்டு தேட வேண்டி வரேல்லை" எண்டார். கனநாள் குளிசை குடுத்தம். பிரவுணி தப்பிட்டுது.

போன கிழமை அந்த ஐயாவே எங்கட படலையைத் தட்டினார். அவரின்ர ஆடு எதையோ திண்டுட்டுதாம்.

"பிள்ளை நிக்குதோ?" எண்டு கேட்டார்.

"ஓம், நிக்கிறா" எண்டு சொல்லேக்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்துது. நடுங்கிற குரலிலயும் ஒரு உயிரைக் காப்பாத்தலாம் எண்டு காட்டினவ என்ர வீட்டு மனுசி எண்ட பெருமை எனக்கு இண்டைக்கும் குறையேல்லை.