சித்திக்கு உட்காரத் தெரியாது

என் சித்தி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நின்றே பழகியவளுக்கு உட்காரத் தெரியாது. கோயிலுக்கு நடந்து போகக் கடையில் லீவு கிடைத்ததே இந்த ஒரு தடவைதான்.

வழியில் இந்தப் பழைய கோட்டை நகரத்தில் எங்கள் பாதயாத்திரைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் ஓய்வு. நாங்கள் எல்லோரும் விடுதியில் காலை நீட்டினோம். சித்தி மட்டும் ரப்பர் செருப்போடு கோட்டைச் சந்துகளைச் சுற்றிவிட்டு, குதிகாலில் கொப்புளத்தோடு வந்தாள்.

மறுநாள் காலை, கூட வந்த நர்ஸ் அக்கா கட்டில் கட்டிலாகக் கால் பார்த்தார். புண் இருந்தால் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவார். சித்தி கழுத்துவரை போர்த்திக்கொண்டாள். ஒட்டிக் கிடந்த என் கட்டிலிலிருந்து நான் என் காலை அவள் போர்வைக்கடியில் நீட்டினேன்.

நர்ஸ் அக்கா அதைப் பிடித்துப் பார்த்தார்.

“ஏண்டி, ஒரே ராத்திரில இவ்ளோ முடி முளைச்சிருக்கு?”

விடுதியே சிரித்தது. சித்தி சிரிக்கவில்லை. போர்வையை விலக்கித் தன் காலைக் காட்டினாள்.

“அனுப்பிடாதீங்கக்கா. இன்னிக்குப் பூரா உக்காந்தே இருக்கேன்.”

“நீயா? உக்காருவியா?”

“சத்தியமா.”

அக்கா மருந்து வைத்துக் கட்டினார். “எந்திரிச்சேன்னா பஸ்தான்.”

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, சித்தியின் கால் கட்டிலுக்கடியில் செருப்பைத் துழாவியது. அது அகப்படவில்லை. என் தலையணைக்குள் அல்லவா இருந்தது!