அப்பா மாதிரியே இல்லை

போன மாதம் தங்கச்சி மகன் என்னைப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மாடி ஹாலுக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு பையன் தனியாக மைக் பிடித்து நின்று, தன் அப்பா கைப்பேசியில் வழி சொல்லும் பெண்ணோடு சண்டை போடுவதைச் செய்து காட்டினான். ஹாலே சிரித்தது. இதற்கு ஸ்டாண்ட்-அப் என்று பெயராம். டிக்கெட்டும் உண்டு.

எங்கள் சித்தப்பா இதைத்தான் செய்தார். அப்போது இதற்குப் பெயரும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. கூத்தடிக்கிறான் என்பார்கள், அவ்வளவுதான்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கொஞ்ச காலம் வேலையில்லாமல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்தார். மத்தியானம் அப்பா வேலை செய்யும் ரயில்வே பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோவது அவர் பொறுப்பு. பிறகு கிள்ளானில் ஒரு துணிக்கடை வாசலில் ஆள் கூப்பிடும் வேலை கிடைத்தது. "வாங்கக்கா, பாக்கறதுக்குக் காசு இல்ல. பாக்காம போனாதான் காசு!" என்பார். முதலாளி தன் வீட்டுக் கல்யாணத்தில் அவர் கையில் மைக்கைக் கொடுத்தார். அதிலிருந்து கிள்ளான், ஜெஞ்சாரோம் பக்கம் எந்தக் கல்யாணம் என்றாலும் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தால், அப்பாவைப் போல் செய்து காட்டுவார். அப்பா வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி நாற்காலியில் எறிவார். "அந்த போர்மேனுக்கு என்ன தெரியும்? இன்னிக்கு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். ஆளு கப்சிப்!" என்பார். தினமும் அப்பாவின் மேலதிகாரியான அந்தப் போர்மேன் கப்சிப்தான். சித்தப்பா அதை அப்படியே செய்வார், கழுத்து நரம்பு முதற்கொண்டு. அப்பாவே சிரித்துவிட்டு, "போதும்டா, பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போவுது" என்பார். அந்தப் போர்மேன் அப்பாவுக்குப் பயப்படுகிறார் என்று நான் நம்பியிருந்தேன். எனக்கு எட்டு வயது.

அந்த வருஷம் பட்டறைக்காரர்கள் தீபாவளி விருந்து வைத்து, சித்தப்பாவை வரச் சொன்னார்கள். அப்போதுதான் போர்மேனுக்கு அடுத்த படியான சார்ஜ்மேன் வேலைக்கு அப்பாவின் பெயர் போயிருந்தது. போர்மேன் ஒரு வார்த்தை சொன்னால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை.

கிளம்பும்போது அம்மா, "தம்பி, இன்னிக்கு மட்டும் பாத்துப் பேசுங்க" என்றார்.

"பயப்படாதீங்க அண்ணி, எல்லாம் மாமியார் ஜோக்குதான். மாமியாருக்கு யூனியன் கிடையாது."

விருந்து ஹாலில் போர்மேன் முன்வரிசையில் இருந்தார். பருமனான ஆள், மெதுவான பேச்சு. எனக்கு ஆரஞ்சு தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பயப்படுகிற ஆள் அப்படித்தானே இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பா மாமியாரைச் செய்தார், பஸ் கண்டக்டரைச் செய்தார். போர்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, உன் அண்ணன் மாதிரி செய் லா. நாங்களும் பாக்கிறோம்" என்றார்.

பின்னால் இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். சட்டை, நாற்காலி, மூஞ்சிக்கு நேரா என்று எல்லாம் வரிசையாக வரப் போகிறது. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

பிறகு தோளைக் குறுக்கினார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எஸ் சார். ஓகே சார். என் தப்புதான் சார். நான் பாத்துக்கறேன் சார்."

சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்து ஒரு நாற்காலியில் மோதினார். திரும்பி அதனிடமும், "சாரி சார்" என்றார்.

ஹால் அதிர்ந்தது. அப்பாவோடு வேலை செய்கிறவர்கள், "அவரேதான்! அவரேதான்!" என்று கத்தினார்கள். போர்மேன் எழுந்து வந்து அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பாவும் சிரித்தார். பிறகு சார்ஜ்மேன் வேலையும் கிடைத்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. குவார்ட்டர்ஸுக்கு நடந்து திரும்பும்போது அடக்க முடியவில்லை. "சித்தப்பா, நீங்க இன்னிக்கு அப்பாவ சரியாவே செய்யல. அப்பா மாதிரியே இல்ல."

சித்தப்பா அப்பாவின் முதுகைப் பார்த்தார். "ஆமா பாப்பா, அவசரத்துல தப்பாப் போச்சு" என்றார்.

முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பா நின்றார். "பாத்தியாடா, எம்புள்ளைக்குத் தெரியுது" என்று சொல்லி, தூக்கும் வயது தாண்டிய என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை இறக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை பேர் இருந்த ஹாலில் அப்பாவைச் சரியாகத் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.