சின்னவன் வாங்கிய அடி

லிஃப்ட் பழுது பார்ப்பவரை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் 'மேலகீழ' என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி இறந்தபின், அவள் கம்ப்யூட்டரில் விட்டுப்போன விளையாட்டை அவர் ஆட ஆரம்பித்தார். பனிக்காட்டில் ஓநாய்களுக்குத் தப்பிப் பிழைக்கவேண்டிய ஆட்டம் அது. அதில் அவள் குட்டியிலிருந்து வளர்த்த மான் ஒன்று இருந்தது. அதன் கொம்பில் நாலு வீட்டுத் துணியைக் காயப்போடலாம். அவள் வைத்த பெயர் சின்னவன்.

அதன்மேல் ஏறிவிட்டால் அவருக்கு ஒரு கீறலும் விழுவதில்லை. பாறையிலிருந்து குதித்தாலும் திரையில் மிச்ச உயிரைக் காட்டும் அவருடைய கோடு குறையாது. ஆட்டம் தனக்குக் கைவந்துவிட்டதென்று மனைவியின் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"உங்கக்காகூட இப்படி ஆடினதில்ல."

"அக்கா இதுமேல ஏறவே மாட்டா மாமா. நீங்க மேல இருக்கிறவரைக்கும் உங்க அடியெல்லாம் அதுக்குத்தான். அதோட கோட்டைப் பாருங்க."

மானின் கோடு நூலளவே மிஞ்சியிருந்தது.

"செத்தா திரும்பி வருமா?"

"நாம வருவோம். அது வராது."

"வலிச்சா சத்தம் போடாதா?"

"அக்கா போட்டாளா மாமா?"

அவர் மானைவிட்டு இறங்கினார். அதை, அவள் ஆட்டத்தில் கட்டிவைத்திருந்த கொட்டகைப் பக்கம் ஓட்டிவிட்டு, துரத்தி வந்த ஓநாய்களுக்கு எதிரே போய் நின்றார். அத்தனை கடியும் இப்போது அவர்மேல் விழுந்தது. சின்னவன் நொண்டிக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தது.

"தோத்துட்டீங்க மாமா."

"தோக்கட்டும்மா," என்றார். திரை இருண்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.