அமெரிக்கக் கதைக்கு நான் செய்த பட்டாபிஷேகம்

நான் பொய் சொன்னேன். என் பொய்யை நம்பி ஒருவன் பிழைப்பை இழந்தான். போதுமா? இல்லை... முழுவதையும் கேளுங்கள்.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் சரித்திர ஆசிரியன். எங்கு பார்த்தாலும் வேலைநிறுத்தப் பேச்சு. பழவங்காடியில் ஓர் அச்சகத்துத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டுக் கொதித்துக்கொண்டிருந்தார்கள். தெம்பு தரும்படி எதையாவது பேசுங்கள் என்று என்னை வாசகசாலைக்கு அழைத்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவைப் பற்றிப் பேசினேன். ரயில் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றி விவசாயியின் கோதுமையை விழுங்கியதை, கடனில் மூழ்கிய விவசாயிகள் தனிக்கட்சி கண்டதை, கூலியை வெட்டியதும் ரயில்பெட்டி செய்யும் தொழிலாளர் எழ, நாடெங்கும் வண்டிகள் நின்றுபோனதை... ஆகா, எப்படிப் பேசினேன்!

பிறகு அங்கே பட்டாளம் வந்தது. சுட்டது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். தொழிலாளி தோற்றான், விவசாயிகளின் கட்சியும் தேர்தலில் மண்ணைக் கவ்வியது. இதையெல்லாம் வகுப்பில் வருஷம் தவறாமல் சொல்லித் தந்தவன் நான்! அன்று ஏன் மறைத்தேன்?

என் தகப்பனார் கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் ராமாயணப் பிரவசனம் செய்தவர். பட்டாபிஷேகம் இல்லாமல் கதையை முடிக்கலாகாது, கேட்டவர்களைத் துக்கத்தோடு வீட்டுக்கு அனுப்பலாகாது என்பது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில், “கடைசிவரை நின்ற தொழிலாளியே வென்றான்!” என்று முடித்தேன். கூரை அதிரக் கைதட்டினார்கள். பழக்கமாம், பழக்கம்... எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கைதட்டல்தான்!

கூட்டம் கலைந்தபின் பொன்னையன் என்னிடம் வந்தான். அந்த அச்சகத்தில் அச்சுக்கோப்பவன். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவன்.

“சாரே, உள்ளதச் சொல்லணும். அவனுவ நெசமாவே செயிச்சானுவளா? வீட்டுல புள்ளைக கெடக்கு. தெரிஞ்சாத்தான் துணிஞ்சு எறங்க முடியும்.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே!

“அவா ஜெயிச்சாளே! இதுல சந்தேகம் என்ன?” என்றேன்.

வேலைநிறுத்தம் தொடங்கியது. போலீஸ் தடியோடு வந்தது. மன்னிப்புக் கேட்டவர்களை முதலாளி திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பொன்னையன் மட்டும் போகவில்லை. கடைசிவரை நின்றால் வெல்லலாம் என்று நான்தானே சொல்லியிருந்தேன்!

எந்த அச்சகமும் அவனைச் சேர்க்கவில்லை. ஊருக்குக் கிழக்கே கல்லாறு தாண்டி மலையில் தேயிலைத் தோட்டக் கூலியாகப் போனான். அங்கே காய்ச்சலில் அவன் இளைய பெண் செத்தாள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேனா? இல்லை. வெட்கம்... வெட்கத்தைவிட பயம்.

சில வருஷங்கள் கழித்துக் கிழக்கேகோட்டையில் எதிரே வந்துவிட்டான். நரைத்துப் போயிருந்தான். திட்டுவான் என்று ஒதுங்கப் பார்த்தேன். அவனோ கைகூப்பினான்.

“உங்க மொகத்துல முழிக்கவே நாணமாட்டு இருக்கு சாரே. நீங்க அம்புட்டு சொல்லித் தந்தும் நாங்க தோத்துட்டோம். அமெரிக்காக்காரனுக்க ஒறப்பு எங்களுக்கு இல்லாமப் போச்சு. தப்பு எங்க மேலதான்.”

நான்... ஆமென்று தலையசைத்தேன்!